மிக்கேல் அண்ணாச்சி சொன்ன கணியம்

மிக்கேல் அண்ணாச்சி முதலில் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பிறகு கதவைத் தாழ் போடச் சொன்னார். அதுவும் ஆன பிறகு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"அதையும் நிப்பாட்டணுமா அண்ணாச்சி?" என்றேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"வேண்டாம் யம்மா. அது ஓடட்டும். சத்தம் இருந்தா நல்லது," என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

தூத்துக்குடி நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்தில் ஒரு சின்ன அறை. ஒரு வட்ட மேசை, நாலு நாற்காலி. சித்திரை வெயில் ஓட்டை இடுக்கு எல்லாவற்றிலும் நுழைந்துகொண்டிருந்தது. மிக்கேல் அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. பிறந்ததிலிருந்து கடல்தான். கழுத்தில் வியர்வையில் கறுத்த மாதா உத்தரியக் கயிறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நாற்காலியை இழுத்துக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"எங்கப்பா சாகுறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னது. பெறகு இது எவன் காதுலயும் விழுந்ததில்ல. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. சவுதியில இருக்க எம் பையனுக்கும் தெரியாது. ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லுதேன்னா, நீங்க அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. சொன்னாலும் ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்காது."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் வக்கீலாகக் குப்பை கொட்டியவளுக்கு விளங்காதாமே! பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னார். இரண்டே வாக்கியம்தான். சொல்லி முடித்ததும் எனக்குக் கைமயிரெல்லாம் குத்திட்டு நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கே விளங்காதிருந்ததும் சேர்ந்து விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நடுவில் உட்காருவது

இந்தத் தொடரில் ஏன் ஊர்ப் பெயர் சொல்லாமல் மழுப்புகிறீர்கள் என்று சிலர் கோபித்து எழுதுகிறார்கள். மழுப்பவில்லை ஐயா. என் வேலையே அப்படி.

சமரசர் என்றால் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. வழக்கை நீதிபதி எங்களிடம் அனுப்புவார். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைப்போம். தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசுவோம். யார் சரி, யார் தப்பு என்று நாங்கள் சொல்லக் கூடாது. முடிவு அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். தனியறையில் ஒருவர் ரகசியமாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. ஒரு வழக்கில் கேட்டதை இன்னொரு வழக்குக்குக் கொண்டுபோகக் கூடாது.

இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். "அங்க போயி நடுநிலை நடுநிலைங்க. வீட்டுல ஒரு நாளாவது நடுநிலையா இருந்திருக்கியா?" என்பார். நான் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. புளியில் கொட்டை அதிகம் என்று யாராவது முனகினால், அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சண்டைக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட வாயைக் கட்டிப்போட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வளர்ந்தும் எனக்குக் கடல் தெரியாது. சாயங்காலம் போய்க் காலை நனைத்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு வந்ததோடு சரி. மீனவர் வழக்கு வரும்போதெல்லாம் வேறு நாட்டு ஆட்களோடு பேசுவதுபோல் இருக்கும்.

கூடு திருடி

வழக்கு இதுதான். தூத்துக்குடிக்கு வடக்கே, கீழவைப்பாரைத் தாண்டி ஒரு மீனவ ஊர். பெயர் வேண்டாம். மிக்கேல் அண்ணாச்சி கூடு போட்டு மீன் பிடிப்பவர். கூடு என்றால் கம்பிச் சட்டத்தில் வலை கட்டிய பெரிய பெட்டி. உள்ளே போகிற மீன் திரும்பி வர முடியாதபடி வாய் வைத்திருப்பார்கள். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு, பார் என்பார்கள். அதன் ஓரத்தில் கூட்டை இறக்கிவிட்டு, சில நாள் கழித்துப் போய்த் தூக்குவார்கள்.

அண்ணாச்சிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு வீட்டில் கிடந்து, எழுந்து நடமாட இரண்டு மாதம் போல ஆகிவிட்டது. எழுந்ததும் கடலுக்குப் போனார். கூடுகள் இருந்த இடத்தில் கூடுகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. நாள் கணக்கில் தேடினார்.

அவர் படுத்துக் கிடந்த நாட்களில் அந்தப் பக்கம் வள்ளத்தோடு ஒருவரைப் பார்த்ததாக ஊரில் பேச்சு. அவர் சூசை. மிக்கேல் அண்ணாச்சியின் தங்கை ரெஜினாவின் புருஷன். கணவாய் மீன் பிடிக்கப் போனேன் என்றார் சூசை. கடற்கரையில் அத்தனை பேர் முன்னால் அண்ணாச்சி அவரைக் 'கூடு திருடி' என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கரையில் ஒருவனை அதைவிட மோசமாகத் திட்ட முடியாது. கடலில் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் தொட மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் எல்லாரும் போட்டுவிட்டு வருகிறார்கள். கைகலப்பாகி, அண்ணாச்சிக்கு உதடு கிழிந்து, போலீசுக்குப் போய், கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

ஊர்க் கமிட்டி சூசையைக் கோயிலில் பீடத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னது. சூசை மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"இன்னைக்கு மச்சானுக்காவ சத்தியம் பண்ணுவேன். நாளைக்கு இன்னொருத்தன் கொடத்தக் காணும்பான். ஒவ்வொருத்தனுக்கும் நான் பீடத்துல கை வைக்கணுமா யம்மா? நான் எடுக்கலன்னு சொன்னேன். அது காணாதா?"

ரோஷக்காரர். ஆனால் சத்தியத்துக்குப் பயந்துவிட்டான் என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அவர் வள்ளத்தில் ஏற ஒருவரும் வரவில்லை. வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிவிட ஒரு கை வரவில்லை. வள்ளத்தை விற்றுவிட்டு, குடும்பத்தோடு கேரளத்துக்குப் போய் யாராவது போட்டில் கூலிக்கு ஏறுவது என்று முடிவு செய்திருந்தார். பெரியதாழையிலிருந்து ஆள் வந்து வள்ளத்தைப் பார்த்துவிட்டும் போயாயிற்று.

ரெஜினா ஒவ்வொரு அமர்வுக்கும் வருவார். உள்ளே வர மாட்டார். வராந்தாவிலேயே நிற்பார். "உக்காருங்களேன்மா," என்றேன் ஒரு நாள்.

"எங்கன உக்கார? அந்தப் பெஞ்சுல எங்க அண்ணன். இந்தப் பெஞ்சுல எம் புருஷன்," என்றார்.

ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

தலைக்குள் இருக்கிற இடம்

நாலாவது தடவையாகக் கூடியபோதுதான் அண்ணாச்சியைத் தனியாக அழைத்தேன். கேட்கத் தோன்றியதைக் கேட்டேன். "அந்த எடத்த நீங்களே தப்பா நெனச்சிருக்கக் கூடாதா அண்ணாச்சி? கடல்ல அடையாளத்துக்கு மிதவை ஏதாவது கட்டியிருந்தீயளா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிதவை கட்டுனா, வா ராசா எடுத்துட்டுப் போன்னு கூப்புடுத மாதிரிலா?"

"அப்போ ஜிபிஎஸ்?"

"அந்தக் கருவி ரிப்பேர் ஆச்சுன்னா? கடையில குடுத்தா, கடைக்காரன் எம் பாரெல்லாம் பாத்துருவாம்லா. இங்கன வச்சிருக்கேன்." தலையைத் தட்டிக் காட்டினார். "எவன் எடுப்பான்?"

அதற்குத்தான் கணியம் என்று பெயர். கரையில் உயரமாகத் தெரிகிற இரண்டு பொருட்களை முன்னும் பின்னுமாகச் சேர்த்துப் பார்ப்பது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நேரே நின்றால் அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் அதேபோல் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டு கோடும் சேருகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் கூடு உங்கள் காலுக்குக் கீழே. தாளும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அடேயப்பா, அந்தப் பெரிய தண்ணீர்ப் பரப்பில் ஒரு பெட்டி கிடக்கிற இடத்தை வெறும் கண்ணால் பிடித்துவிடுகிறார்கள்!

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் கணியம் உண்டு. உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் கொடுப்பார்கள், கஷ்டத்துக்கு நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். கணியம் மட்டும் கிடையாது.

அதைத்தான் ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாச்சி என்னிடம் சொன்னார். ஒரு கோட்டுக்கு முன்னால் ஊர்க் கோயில் கோபுரம், பின்னால் தூரத்தில் பனங்காட்டுக்குள், அவர் அப்பாவின் கடைசிக் காலத்தில் வந்து நின்ற செல்போன் டவர். இன்னொரு கோடு வடக்கே. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

டவர் நிற்கிற பனங்காட்டு ஊரின் பெயரை அவர் சொன்னதும்தான் எனக்குச் சிலிர்த்தது. அந்த டவர் அந்த இடத்தில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிவிட்டது. மாறியதற்குக் காரணம், இதே மேசையில் நான் நடத்தி வைத்த வேறொரு சமரசம்.

சாமி போகிற வழி

அந்த வேறொரு சமரசத்தில் சம்பந்தப்பட்ட அண்ணன் தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எங்க சாமி பேரு பத்திரிகையில வருமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அவர்கள் பனங்காட்டு ஊர்க்காரர்கள். இருவருமே வெளியூரில் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்குத் திருச்செந்தூரில் பாத்திரக்கடை. ஊரில் இருவருக்கும் அடுத்தடுத்துத் தோட்டம். தம்பி தோட்டத்தில் சுடலைமாடசாமி பீடம், அதே தோட்டத்தில் செல்போன் டவர்.

கொடைத் திருவிழா நடக்கிற ராத்திரியில் சாமி வந்து ஆடுகிறவர் தீப்பந்தத்தோடு வேட்டைக்குப் போவார். போகிற பாதையில் டவருக்குப் போட்ட கம்பிவேலி நின்றது. ஒரு கொடையில் சாமியாடி அதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அன்றோடு அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது.

"சாமி கொஞ்சம் சுத்திப் போனா என்ன?" என்று தம்பி என் முன்னால் கேட்டார்.

"எங்க சாமி எதுக்குலே சுத்தணும்? ஒன் டவர் சுத்திப் போகட்டும்," என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் முடிச்சு அவிழ்ந்தது. டவரைத் தெற்கே அண்ணன் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். கம்பெனிக்காரர்களும் பழைய கம்பத்தை மாற்றுகிற யோசனையில் இருந்ததால் சம்மதித்துவிட்டார்கள். அதே உயரம், அதே சிவப்பு வெள்ளைப் பட்டை. மிக்கேல் அண்ணாச்சி டெங்குவில் படுத்துக் கிடந்தபோது வேலை முடிந்திருக்கிறது.

சாமி நேரே போக வேண்டும் என்பதற்காகக் கரையில் ஒரு கம்பம் நகர்ந்தது. அதனால் கடலில் ஒரு மனிதரின் கோடு நகர்ந்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை முன்னால் வைத்தேன், ஊறுகாய் பாட்டிலைப் பின்னால் வைத்தேன். பாட்டிலைத் தெற்கே ஒரு விரல் நகர்த்தினேன். இரண்டும் நேராகத் தெரிய நான் வடக்கே ஒரு நாற்காலி தள்ளி உட்கார வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பழகிவிட்டார்.

ஊரில் வேறு யாரும் டவர் நகர்ந்ததைக் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். கவனித்தவர்கள் இருந்திருப்பார்கள். சத்தம் காட்டாமல் தங்கள் கணியத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். வெளியே சொன்னால் தங்கள் அடையாளம் எது என்று தெரிந்துபோகுமே!

ஒரே ஒரு கேள்வி

நான் என்ன செய்ய? அண்ணன் தம்பி சமரசத்தைப் பற்றி மிக்கேல் அண்ணாச்சியிடம் பேசக் கூடாது. அண்ணாச்சியின் கணியத்தைச் சூசையிடம் சொல்லக் கூடாது. நடுவில் ஒரு மனிதர் வள்ளத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் எனக்கு வாய் இவ்வளவு கனத்ததில்லை.

ஆனால் டவர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தானே நிற்கிறது? போய்ப் பார்ப்பதற்கு யார் அனுமதி வேண்டும்? மறுநாள் காலை அண்ணாச்சியை மறுபடியும் அழைத்தேன்.

"அண்ணாச்சி, அந்த டவர நீங்க என்னைக்காவது கிட்டப் போயிப் பாத்திருக்கீயளா?"

"அங்கன எனக்கு என்ன சோலி?"

"ஒரு தடவ போயிப் பாத்துட்டு வாங்க. எதுக்குன்னு எங்கிட்டக் கேக்காதீங்க."

முறைத்துவிட்டுப் போனார். மறு அமர்வுக்கு வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. பனங்காட்டுக்குள் பழைய சிமெண்டு மேடையைப் பார்த்திருக்கிறார். அறுத்துப்போட்ட போல்ட்டுகளைத் தடவிப் பார்த்திருக்கிறார். அங்கிருந்த ஒரு கடைப்பையன், எப்போது மாற்றினார்கள் என்பதையும் யோசித்துச் சொல்லியிருக்கிறான்.

சூசை எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி தலையை நிமிர்த்தவே இல்லை. "மாப்ள, கூடு கடல்லதான் கெடக்கு. நீ எடுக்கல," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அன்னைக்கு நான் எடுத்தேன்னும் ஒங்களுக்குத் தெரியும்னு சொன்னீய, மச்சான்."

சூசை விடவில்லை. "நீங்க தனியாப் போயித் தூக்கிட்டு வந்தா ஊரு என்ன சொல்லும்? சூசை பயந்துபோயித் திருப்பிப் போட்டுட்டாம்பானுவ. அந்தப் பேரோட நான் இங்கன இருக்க மாட்டேன். எப்படிக் காணாமப் போச்சுன்னு ஊருக்குத் தெரியணும்."

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. சூசையின் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அண்ணாச்சி தன் கணியத்தைக் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் கெட்டிருக்கும்.

அண்ணாச்சிதான் கடைசியில், "நாளக்கழிச்சுக் காலையில கடலுக்குப் போவோம். ஒன் வள்ளத்துலயே போவோம். வக்கீலம்மாவும் வரட்டும், பொதுவா ஒரு ஆளு வேணும்," என்றார்.

"பொம்பளையாளா? வள்ளத்துலயா?" என்றார் சூசை.

"அவ்வோ வக்கீலுலே," என்றார் அண்ணாச்சி, அதோடு அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதுபோல.

முதுகைத் திருப்பி

அண்ணாச்சி சொல்லிவிட்டதால் கமிட்டி ஆட்கள் வந்து வள்ளத்தைத் தள்ளிவிட்டார்கள். ரெஜினா மணலில் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அலையிலேயே நான் குடித்த காபி வெளியே வந்துவிட்டது. இரண்டாவது அலையில் முந்தைய நாள் சாப்பாடும். சூசை ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். அதை மோந்துகொண்டே போனேன்.

கொஞ்சம் உள்ளே போனதும் குமட்டல் நின்றது. நான் தலையைத் தூக்கினேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! கரை ஒரு கறுப்புக் கோடாகிவிட்டது. நான் பிறந்த ஊர், என் கோர்ட்டு, என் சண்டைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிட்டன. தண்ணீர் பச்சையாகி, நீலமாகி, பிறகு பெயரில்லாத ஒரு நிறமாகிவிட்டது. இவ்வளவு பெரியதை வைத்துக்கொண்டா நான் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்?

அண்ணாச்சி வள்ளத்தின் பின்முனையில் உட்கார்ந்து எஞ்சினைப் பிடித்திருந்தார். வேகம் குறைந்தது. அவர் கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்க்கத் தொடங்கியதுமே, சூசை கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். ஒருவர் கணியம் பார்க்கும்போது கூட இருப்பவர் கரையைப் பார்ப்பதில்லை. பார்க்காதே என்று யாரும் சொல்வதும் இல்லை. தன்னைத் திருடன் என்று சொன்ன ஆளிடமும் சூசை அந்த மரியாதையைக் காட்டினார். எனக்கு ஏற்கனவே தெரிந்த ரகசியம்தான், இருந்தாலும் நானும் திரும்பி உட்கார்ந்தேன்.

எஞ்சின் நின்றது. கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக் கரண்டி போல ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இழுத்தார்கள். ஒன்றும் இல்லை. டவர் முன்பு நின்ற இடத்தை உத்தேசமாக வைத்து, அண்ணாச்சி வள்ளத்தைச் சற்றே நகர்த்தினார். மறுபடியும் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு தடவை கயிறு விறைத்தது.

"தட்டுது," என்றார் சூசை, மிக மெதுவாக.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். கீழே நீலத்துக்குள் ஒரு கறுப்பு. அது மெல்லப் பெருத்துக்கொண்டே வந்தது. பாசி படர்ந்து, சிப்பி ஒட்டி, கம்பி எது வலை எது என்று தெரியாமல் கூடு மேலே வந்தது. உள்ளே ஒரு கலவா மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. மனிதர்கள் மேலே அடித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் கூடு வைத்த இடத்தில் அப்படியே இருந்திருக்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

சூசை கூட்டை உள்ளே வைத்துவிட்டு மறுபடியும் கரைக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, திரும்பு," என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் மச்சான். கூடு கெடச்சிட்டு."

"திரும்பிப் பாருலே. எங்கப்பா எனக்குச் சொன்னத நான் ஒனக்குச் சொல்லுதேன். முன்னால நம்ம கோயில் கோபுரம். பின்னால பனங்காட்டு டவரு. அந்த டவர நவுத்திப்புட்டானுவ. எனக்குத் தெரியல. இதான் நடந்துச்சு."

வள்ளம் ஆடியது. சூசை திரும்பி உட்கார்கிறார் என்று தெரிந்தது. நான் கடலைப் பார்த்தபடியே இருந்தேன். எனக்குக் காது மட்டும்தான்.

"கண்ணத் தொற மாப்ள," என்றது அண்ணாச்சியின் குரல்.

மறுபடியும் அவர் குரல்தான்.

"கண்ணத் தொறலேங்கேன்!"

"சொன்னீயல்லா மச்சான். போதும். நான் பாக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. எத்தனையோ வழக்குகளை முடித்து வைத்திருக்கிறேன். எத்தனையோ பேர் கைகுலுக்கிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றுக்குப் பக்கத்தில் உட்காரக் கொடுத்துவைத்தவள் நான் என்று அன்று தோன்றியது.

கரை

கரையில் கூட்டம் காத்திருந்தது. அதே இடத்தில் தூக்கிய மற்றக் கூடுகளையும் சேர்த்து மணலில் இறக்கி வைத்தார்கள். சூசை எதிர்பார்த்தபடியே ஒரு குரல் வந்தது. "எங்கனருந்து வந்துச்சாம்? யாரு கொண்டாந்து போட்டாவளாம்?"

சூசை அண்ணாச்சியின் கையைப் பிடித்தார். "விடுங்க மச்சான். நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

அண்ணாச்சி கையை உதறினார். ஒரு கூட்டின்மேல் ஏறி நின்றார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்கல," என்று ஆரம்பித்தவர் முழுவதையும் சொன்னார். கோபுரத்தைச் சொன்னார், டவரைச் சொன்னார், அது நகர்ந்ததைச் சொன்னார். வடக்கே இருக்கிற இரண்டாவது கோட்டையும் சொன்னார். "எங் கூட்ட எவனும் எடுக்கல. கடலும் எடுக்கல. நாந்தான் தப்பான எடத்துல போயித் தேடுனேன். எம் மாப்ள மேல பழி சொன்னேன். இனி அவன எவனாவது அந்தப் பேரு சொல்லிக் கூப்புட்டா, என்னச் சொன்ன மாதிரி."

கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அடுத்த வீட்டில் யாரோ உடைமாற்றும்போது கதவு திறந்துகொண்டதைப் போல. ஒரு குடும்பம் பொத்தி வைத்திருந்தது இரண்டு நிமிடத்தில் காற்றோடு போய்விட்டது. அதன் விலை அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ரெஜினா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். அழுதுகொண்டே முதுகில் நாலு சாத்தும் சாத்தினார்.

வழக்கை முடித்துக்கொள்ளச் சில வாரம் கழித்து மையத்துக்கு இருவரும் வந்தார்கள். சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெரியதாழைக்காரருக்கு வள்ளம் இல்லை என்று சொல்லியாயிற்றாம். நான் கேட்டேன், அந்த இடத்துக்கு இப்போது மற்றவர்கள் போகிறார்களா என்று.

"மறுநாளே நாலஞ்சு வள்ளம் அங்கன நின்னுச்சு யம்மா," என்றார் அண்ணாச்சி. நான் பதறிவிட்டேன். அவர் சிரித்தார். "போவட்டும். மனுசன்னா அப்படித்தான். நானும் மாப்ளயும் இப்பச் சேந்துதான் தொழிலுக்குப் போறோம். புதுசா ஒரு பார் கண்டுபிடிச்சிருக்கோம். அடேயப்பா, மீனு கெடந்து கொதிக்கி."

"எங்கன அண்ணாச்சி?"

கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் உற்சாகமாகச் சொல்ல வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பக்கத்து நாற்காலியில் இருந்த சூசையைப் பார்த்தார்.

"மாப்ள, வக்கீலம்மாட்டச் சொல்லட்டா?"

சூசை என்னைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"வேண்டாம் மச்சான்," என்றார்.